போர்வையும் பின்றானையும்: களியாட்ட அரசுடைப் பெயர்களும் தமிழாக்கமும்

முன்னுரை

பிறநாட்டு விழாக்களையும் சடங்குகளையும் பற்றிய நூல்களைத் தமிழில் தருவோர் இடர்ப்படும் இடங்களுள் உடைப்பெயர் முதன்மையானது. உணவின் பெயரையோ இசைக்கருவியின் பெயரையோ ஒலிபெயர்த்து எழுதினாலும் படிப்பவர் ஒருவாறு பொருள் உணர்ந்துகொள்வர். உடைப்பெயர் அத்தகையதன்று. உடலில் ஆடை எவ்வாறு பொருந்துகிறது, அதனை அணிவோர் எந்நிலையினர், அணிவிக்கவும் தாங்கவும் எத்தனை பேர் வேண்டும் என்பனவற்றையெல்லாம் அப்பெயர் ஒருங்கே சுட்டும். பெயர் பிறழ்ந்தால் ஆடையோடு அதனைச் சூழ்ந்த மனிதரும் மறைந்துவிடுவர்.

இக்கருத்தை விளக்குவதற்குத் தக்க களம், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கிறித்தவத் தவக்காலத்திற்கு முன் நிகழும் கார்னிவல் என்னும் களியாட்டம் ஆகும். அவ்விழாவில் ஆண்டுதோறும் அரசரும் அரசியும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்கள் அணியும் சடங்காடைகளுக்கு ரோப், மேன்டில், டிரெயின், காலர் முதலிய பெயர்கள் வழங்குகின்றன. இவற்றின் பொருள் வேறுபாடுகளையும், அவ்வேறுபாடுகளுக்குப் பின்னுள்ள சமூக உறவுகளையும், அவற்றைத் தமிழில் தருவதற்குரிய நெறியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்சும் அலபாமா மாநிலத்து மொபீலும் ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகின்றன. டிரினிடாட் தீவின் களியாட்டத்திலும் அரசர், அரசி உண்டு. எனினும் அங்கு அவர்தம் கோலம் பெரும்பாலும் சட்டங்களின்மேல் எழுப்பப்பட்டு, சிலபோது சக்கரங்களில் உருண்டுவரும் பெருங்கட்டமைப்பாக அமைவதால் அது தனி ஆய்வுக்குரியது.

களியாட்ட அரசின் தோற்றம்

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாய், பிரெஞ்சு மொழியில் மார்டி கிரா எனப்படும். ‘கொழுத்த செவ்வாய்’ என்பது அதன் நேர்ப்பொருள். நோன்பு தொடங்குமுன் உண்டு களிக்கும் நாள் அது. மொபீல் நகரில் 1830 அளவில் தோன்றிய கவ்பெல்லியன் கழகம் அணிவகுப்பு மரபுக்கு வித்திட்டது. நியூ ஆர்லியன்சில் 1857ஆம் ஆண்டு கோமஸ் கழகம் தீப்பந்த ஒளியில் தன் முதல் ஊர்வலத்தை நடத்தியது. கழகம் என்னும் பொருளில் ‘குரூ’ என்னும் பழமைச் சாயல் கொண்ட எழுத்துக்கூட்டலை வழக்கிற்குக் கொண்டுவந்ததும் அதுவே.

1872இல் நியூ ஆர்லியன்சில் ரெக்ஸ் தோன்றினார். ‘ரெக்ஸ்’ என்பது இலத்தீனில் அரசன் எனப் பொருள்படும். உருசியப் பேரிளவரசர் அலெக்சிஸ் அந்நகருக்கு வந்திருந்த ஆண்டு அது. முதல் ரெக்ஸாக வந்தவர் லூயிஸ் சாலமன் என்பவர். அவர் அணிந்த அரசுடை, அப்போது நகரில் மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த லாரன்ஸ் பாரெட் என்னும் நடிகரிடமிருந்து இரவல் பெறப்பட்டது என்பது அந்நகரில் வழிவழியாக வழங்கும் செய்தி. கலைச்சொல் ஆய்வுக்கு இச்செய்தி மிகவும் பயன்படுவது. களியாட்ட அரசனின் முதல் உடை அரண்மனையிலிருந்து வரவில்லை. நாடக மேடையிலிருந்து வந்தது. அவ்வுடையின் பெயர்களோ அரண்மனையிலிருந்து வந்தவை. மேடையின் பொருளும் அரண்மனையின் சொல்லும் இணைந்த இவ்விணைப்பே களியாட்ட அரசுடைப் பெயர்களின் அடிப்படை இயல்பு எனலாம்.

அதே 1872இல் மொபீலும் ஃபீலிக்ஸ் என்னும் பெயரில் தன் களியாட்டப் பேரரசரை முடிசூட்டியது. ஊதா, பச்சை, பொன் ஆகிய மூன்றும் ரெக்ஸின் நிறங்களாயின. 1892ஆம் ஆண்டு அணிவகுப்பில் அவற்றிற்கு முறையே நீதி, நம்பிக்கை, ஆற்றல் என்னும் பொருள்கள் உரைக்கப்பட்டன. நிறம் முதலில் வந்தது, பொருள் இருபது ஆண்டுகள் கழித்து வந்தது. விளையாட்டாகத் தொடங்கிய கோலம் படிப்படியாகச் சடங்காக இறுகியதற்கு இது சான்று.

கோமஸ், ரெக்ஸ் ஆகிய இரு கழகங்களின் அரசவைகளும் மார்டி கிரா இரவில் சந்திக்கும் நிகழ்ச்சி 1882 முதல் அறியப்படுகிறது. அவ்வரங்கில் அரசரும் அரசியும் செங்கோலை அசைத்து அவையோரை வாழ்த்தியவாறு கூடத்தை வலம்வருவர். தெருவில் தேர்மேல் அமர்ந்துவரும் அரசருக்குத் தரையில் புரளும் ஆடையால் பயனில்லை. ஆடையின் நீளம் பொருள்பெறும் இடம் கூடத்தின் தளமே. வலம்வரும்போதுதான் ஆடை முழுதும் விரிந்து தன் ஓவியத் தையலையும் மணிவேலையையும் காட்டுகிறது. எனவே உடைப்பெயர்களை ஊர்வலத்தோடு மட்டும் சார்த்திப் பார்ப்பது போதாது; நடனக் கூடத்தோடும் சார்த்திப் பார்த்தல் வேண்டும்.

தோளும் தரையும்

ரோப் என்பது பொதுப்பெயர். நீண்டு தொங்கும் எந்தச் சடங்காடையையும் அது குறிக்கும். மேன்டில் என்பது கையின்றித் தோளின்மேல் போர்த்தப்படும் ஆடை. மேலுறை என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் சொல்லினின்று அது வந்தது. பதவியும் பொறுப்பும் ஒருவர்மேல் வந்தமைவதைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் அச்சொல் ஆளப்படும். டிரெயின் என்பது ஆடையின் பின்புறம் தரையில் நீண்டு இழுபடும் பகுதி. இழுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியிற் பிறந்தது அது. பின்தொடரும் பரிவாரத்திற்கும் மயிலின் நீண்ட தோகைக்கும் பிற்காலத்தில் இருப்புப்பாதைத் தொடர்வண்டிக்கும் அதே சொல் பெயராயிற்று. பின்னால் தொடர்ந்து இழுபட்டு வருதல் என்னும் கருத்து இவையனைத்திலும் உள்ளது.

அகராதி அளவில் இவை தெளிவானவை. வழக்கிலோ ஒரு நுட்பம் காணப்படுகிறது. களியாட்ட அரசியின் தோளிற் பூட்டப்பட்டுத் தரையில் நீளும் ஆடை ஒன்றே. நியூ ஆர்லியன்சில் அவ்வாடை முழுவதையும் மேன்டில் என்பதே பெருவழக்கு. மொபீலில் அத்தகைய ஆடை முழுவதையும் டிரெயின் என்பதே பெருவழக்கு. இரு சொற்களும் இரு நகரங்களிலும் அறியப்பட்டவையே ஆயினும், எதனை முழுமைக்குப் பெயராக்குவது என்பதில் வழக்கு வேறுபடுகிறது. ஒரு நகரம் ஆடைக்குத் தோளிலிருந்து பெயரிட்டது. மற்றொரு நகரம் தரையிலிருந்து பெயரிட்டது. தமிழ் இலக்கண மரபில் கூறினால் இரண்டும் சினைப்பெயர் முதலுக்கு ஆகிவந்த ஆகுபெயர்களே. ஆனால் ஆகிவந்த சினைகள் வேறு.

இவற்றோடு இணையும் பிற உறுப்புகளையும் சுருக்கமாகச் சுட்டலாம். கழுத்தின் பின்புறம் விசிறிபோல் நிமிர்ந்து முகத்திற்குப் பின்னணியாக நிற்பது மெடிசி காலர் எனப்படும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு அரசவையிற் புகுந்த மெடிசி குலத்து அரசியரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஆடையின் ஓரத்தில் வரும் எர்மைன் என்பது குளிர்காலத்தில் வெண்ணிறம் பெறும் ஒருவகைக் கீரியையொத்த சிற்றுயிரின் மென்மயிர்த் தோல். வெண்மையின் இடையே காணும் கரும்புள்ளிகள் அதன் வால்நுனிகள். மேலை அரசவைகளில் உயர்நிலைக்கு அடையாளமாயிருந்த அத்தோலின் போலிவடிவமும் களியாட்டத்தில் ஆளப்படும். மணியும் சரிகையும் செறிந்த ஆடையின் எடையைத் தோள்மட்டும் தாங்க இயலாதாகலின், உள்ளே வார்ப்பூட்டு ஒன்றும் அமைக்கப்படுகிறது. பின்னால் அதனை ஒழுங்குபடுத்தப் பேஜ் எனப்படும் சிறு பணியாளர் வருவர். அவர்கள் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே.

ஒரு சொல்லுக்காக எழுந்த பூசல்

தோளிலிருந்து பெயரிடுவதற்கும் தரையிலிருந்து பெயரிடுவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல் வேறுபாடே எனக் கருதுவார் உளர். பிரெஞ்சு வரலாறு அக்கருத்தை மறுக்கிறது. களியாட்டங்கள் தமக்கு முன்மாதிரியாகக் கொண்ட மேலை முடிசூட்டு விழாக்களுள் ஒன்று, 1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தில் நிகழ்ந்த நெப்போலியனின் முடிசூட்டு விழா. பேரரசி ஜோசஃபினின் நெடிய ஆடையைப் பின்னின்று ஏந்தும் பணி, நெப்போலியனின் உடன்பிறந்த மகளிர் உள்ளிட்ட இளவரசியருக்கு விதிக்கப்பட்டது. அம்மகளிர் அதனை இழிவெனக் கருதி எதிர்த்தனர்.

பூசல் இருவகையால் தீர்க்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் குறிப்பர். ஒன்று, இளவரசியரின் ஆடைகளையும் வேறு பணியாளர் பின்னின்று ஏந்துவர் என்பது. மற்றொன்று, சொல் மாற்றம். டிரெயின் என்பதற்குப் பிரெஞ்சில் வழங்கிய சொல்லுக்கு ‘வால்’ என்பதே நேர்ப்பொருள். ‘வாலைச் சுமத்தல்’ எனப் பொருள்படும் தொடர் நீக்கப்பட்டு, ‘மேன்டிலைத் தாங்குதல்’ எனப் பொருள்படும் தொடர் விழாக் குறிப்பில் இடம்பெற்றது. செய்யும் வேலை ஒன்றே. துணியும் அதுவே. வாலைச் சுமப்பவர் ஏவலர்; போர்வையைத் தாங்குபவர் உறவினர். பிறருக்குப் பணிந்து ஒழுகுவதை ‘வால் பிடித்தல்’ எனப் பழிக்கும் வழக்குடைய தமிழருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

டேவிட் தீட்டி 1807இல் நிறைவுசெய்த புகழ்பெற்ற முடிசூட்டு ஓவியத்தில் பேரரசியின் ஆடையை ஏந்திநிற்போர் அரசவை மகளிர் இருவரே. நெப்போலியனின் உடன்பிறந்தோர் ஒதுங்கித் தனியே நிற்கின்றனர். சொல்லில் தொடங்கிய விலகல் ஓவியத்தில் நிறைவுற்றது எனலாம். 1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது அவர் ஆடையை ஏந்தும் பணி அறுவருக்குப் பெருமைக்குரியதாக இருந்தது. ஒரே பணி ஓரிடத்தில் இழிவாகவும் ஓரிடத்தில் பெருமையாகவும் கொள்ளப்படுவதால், அதனைக் குறிக்கும் சொல்லின் நுட்பத்தை மொழிபெயர்ப்பாளர் புறக்கணித்தல் இயலாது.

விளையாட்டும் மெய்ந்நிலையும்

களியாட்ட அரசு விளையாட்டுத்தானே, அதன் உடைப்பெயருக்கு இத்துணை நுட்பம் எதற்கு என்னும் வினா எழலாம். களியாட்டம் பற்றிய கோட்பாடுகளுள் மிகவும் எடுத்தாளப்படுவது, 1965இல் உருசிய மொழியில் வெளிவந்த பக்தினின் இராபலே பற்றிய நூல். தாழ்ந்தோன் ஒருநாள் அரசனாக முடிசூட்டப்பட்டு மீண்டும் முடி பறிக்கப்படும் தலைகீழாக்கத்தைக் களியாட்டத்தின் உயிர்நிலையாக அவர் காண்கிறார். தமிழ்த் திறனாய்விலும் இக்கோட்பாடு நாட்டார் விழாக்களோடு பொருத்திப் பார்க்கப்பட்டுள்ளது.

நியூ ஆர்லியன்சின் ரெக்ஸுக்கு இக்கோட்பாடு முழுதும் பொருந்துவதாக இல்லை. ரெக்ஸாக வருபவர் நகரின் செல்வாக்குமிக்க பெருமகன். அரசியாக வருபவர் உயர்குடும்பத்து இளம்பெண். உயர்ந்தோர் தம் உயர்வையே ஒருநாள் அரசாக நடித்துக்காட்டுகின்றனர். முடி பறிக்கப்பட்டபின்னும் அவர்கள் நிலை தாழ்வதில்லை. கழகங்களின் உறுப்புரிமையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்ய நகராட்சி கொண்டுவந்த விதியையொட்டி, 1992 முதல் கோமஸ் தன் தெருவூர்வலத்தைக் கைவிட்டு, நடனவிழாவை மட்டும் தொடர்ந்தது. மேன்டிலின் உரிமை யாருக்கு என்னும் கேள்வி அங்கு விளையாட்டாக இருந்ததில்லை.

தலைகீழாக்கம் நிகழ்ந்தது வேறோர் இடத்தில். 1909இல் நியூ ஆர்லியன்சின் கறுப்பின மக்கள் சூலு என்னும் பெயரில் தம் அரசரைத் தெருவிற் கொணர்ந்தனர். முதல் சூலு அரசர் வில்லியம் ஸ்டோரி. கொழுப்பு அடைத்து விற்கும் தகரக் கொள்கலம் அவர் முடியாயிற்று, வாழைத்தண்டு செங்கோலாயிற்று. ரெக்ஸின் அரசுச் சின்னங்கள் ஒவ்வொன்றிற்கும் எதிரொலியாக ஒரு நையாண்டிச் சின்னம் அமைந்தது. 1949இல் இசைமேதை லூயி ஆம்ஸ்டிராங் சூலு அரசராக வந்தபோது இம்மரபு உலகறிந்ததாயிற்று. நையாண்டி செல்ல வேண்டுமானால் அதற்கு இலக்கான அரச சொற்கள் முழுக் கனத்தோடு முன்னிற்க வேண்டும். ‘முடி’ என்னும் சொல் இருந்தால்தான் தகரக் கொள்கலம் நகை விளைக்கும்.

மொபீலிலும் இருவேறு அரசவைகள் உண்டு. நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்த சங்கத்தின் அரசர் ஃபீலிக்ஸ். 1938இல் கறுப்பின மக்கள் தொடங்கிய சங்கத்தின் அரசர் 1940 முதல் எலெக்சிஸ் என்னும் பெயர் தாங்கினார். மார்கரெட் பிரவுன் இயக்கிய ‘தி ஆர்டர் ஆஃப் மித்ஸ்’ என்னும் ஆவணப்படம் (2008) இவ்விரு அரசவைகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. இருசாராரும் தம் அரசியின் டிரெயினில் பெரும் பொருளும் உழைப்பும் செலவிடுகின்றனர். அங்கு டிரெயின் என்பது குடும்பத்தின் மதிப்பைத் தரைமேல் விரித்துக்காட்டும் ஏடு. சூலு தகரத்தால் நகைத்தது. எலெக்சிஸின் அரசவை பட்டாலும் மணியாலும் சமநிலை கோரியது. இரண்டாவது வகை எதிர்வினையைப் புரிந்துகொள்ள ஆடையின் நீளமும் அதன் பெயரும் இன்றியமையாதன. மொபீல் களியாட்ட அருங்காட்சியகத்தில் இந்நெடிய ஆடைகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அணிவோர் இன்றியும் அவை காட்சிப்பொருளாக நிற்பது, அங்கு ஆடை அணிவோரினும் நெடிது வாழ்கிறது என்பதைக் காட்டும்.

அங்கி என்னும் பொதுச்சொல்லின் குறை

தமிழில் இப்பெயர்களுக்கு எல்லாம் பெரும்பாலும் ‘அங்கி’ என்ற ஒரு சொல்லே இன்று கைகொடுக்கிறது. பட்டமளிப்பு விழா அங்கி, வழக்கறிஞர் அங்கி, குருக்களின் அங்கி, அரசரின் அங்கி என அது எங்கும் பரவியுள்ளது. இச்சொல் அங்கம் என்பதோடு தொடர்புடையது. உடலைச் சூழ்ந்து தைக்கப்பட்டு, கைநுழைத்து அணியப்படும் ஆடைக்கு அது மிகப் பொருத்தமானது. மேற்காட்டியவற்றுள் முதல் மூன்றும் அத்தகையன. மேன்டிலுக்குக் கை இல்லை. அதனுள் உடல் நுழைவதில்லை. டிரெயினோ உடலைத் தொடுவதே இல்லை. உடலை விட்டு விலகிச் செல்வதே அதன் இயல்பு. அதனை அங்கி என்பது பொருளுக்கே முரணாகிறது.

விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ‘அரசி நீண்ட அங்கி அணிந்து கூடத்தை வலம்வந்தார்’ என மொழிபெயர்த்தால், படிப்பவர் மனக்கண்ணில் ஒரு பெண் தனியே நடந்துவருகிறாள். பின்னால் வந்த சிறுவர்கள் மறைந்தனர். ஆடைக்காக ஒதுங்கி வழிவிட்ட கூட்டம் மறைந்தது. வார்ப்பூட்டின் எடையும் மறைந்தது. ‘அரசி பட்டப்போர்வை போர்த்து வலம்வந்தார், அதன் பின்றானையைச் சிறுவர் இருவர் ஏந்தினர்’ என்னும்போது அனைவரும் மீள்கின்றனர்.

ஒலிபெயர்ப்பும் இங்கு உதவுவதில்லை. ‘அரசியின் டிரெயின்’ என எழுதினால் தமிழ் படிப்போர் நினைவுக்கு வருவது இருப்புப்பாதை வண்டியே. ‘தொடர்’ என்னும் மொழிபெயர்ப்பும் அவ்வண்டியின் நிழலிலிருந்து தப்புவதில்லை.

தமிழ் மரபு தரும் வழி

தமிழ் ஆடைச்சொற்களைப் பொருளடிப்படையில் நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். தமிழ் ஆடையைப் பகுப்பது வடிவத்தால் மட்டுமன்று, வினையாலும் ஆகும். இடையில் சுற்றுவது உடுத்தல். தோளில் இடுவது போர்த்தல். தைத்த சட்டையை அணிவது புகுதல். முல்லைப்பாட்டு யவனரின் சட்டையை ‘மெய்ப்பை’ என்று பெயரிட்டு, அதனை அணிதலைப் ‘புகுதல்’ என்னும் வினையால் கூறுகிறது. அயலவர் உடையைக் கண்ட சங்கப் புலவர், அதன் பெயரை ஒலிபெயர்க்காமல், உடலோடு அது பொருந்தும் முறையைக் கண்டு சொல் அமைத்தார். அயலுடைக்குத் தமிழ்ப்பெயர் அமைக்கும் நெறிக்கு இதனைத் தொன்மையான முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இந்நெறிப்படி மேன்டில் என்பது போர்த்தல் வினைக்கு உரியது. வள்ளல் பேகன் மயிலுக்குத் தன் ஆடையைப் போர்த்திய செய்தியில், அவ்வாடை புறநானூற்றில் ‘படாம்’ எனவும் சிறுபாணாற்றுப்படையில் ‘கலிங்கம்’ எனவும் குறிக்கப்படுகிறது. படாம் என்னும் சொல் யானையின் முகபடாத்தில் இன்றும் சடங்குப் பொருளோடு நிலைத்துள்ளது. பரவலாக வழங்கும் பழைய தமிழ் விவிலியத்தில் எலியா இறைவாக்கினரின் மேன்டில் ‘சால்வை’ எனப்பட்டது. பதவியுரிமையும் அருளும் எலியாவிடமிருந்து எலிசாவுக்கு அந்த ஆடைவழியே சென்றதால், தோளாடை பதவிக்குக் குறியீடாகும் மேலைக் கருத்துக்கு அவ்விடம் ஊற்றுக்கண். சால்வை இன்று மேடைப் பாராட்டின் அன்றாடப் பொருளாகிவிட்டமையால் அரசுடைக்குப் பொருந்தாது. ‘பொன்னாடை போர்த்துதல்’ என்னும் வழக்கோ, தோளில் ஒரு துணியை இடுவதே ஒருவரைச் சிறப்பிப்பதாகும் என்னும் கருத்தை உயிர்ப்போடு காத்துவருகிறது. எனவே பட்டம் என்னும் பதவிப்பொருட் சொல்லோடு போர்வையை இணைத்துப் ‘பட்டப்போர்வை’ எனல் தகும். போர்வை என்பது இன்று படுக்கை விரிப்பை நினைவூட்டும் என்பது உண்மையே. ‘பட்ட’ என்னும் முன்னொட்டு அந்நினைவை விலக்கிவிடும்.

டிரெயின் என்பதற்கும் விவிலியத் தமிழ் ஒரு சிறந்த தீர்வைக் கண்டுள்ளது. ஏசாயா ஆகமத்தின் ஆறாம் இயல் தொடக்கத்தில் ஆலயத்தை நிறைத்த இறைவனின் ஆடைப்பகுதி ‘வஸ்திரத்தொங்கல்’ எனப் பெயர்க்கப்பட்டது. யாத்திராகமத்தில் குருவின் அங்கியினுடைய விளிம்பைக் கூறுமிடத்து ‘ஓரம்’ என்னும் சொல் வருகிறது. எபிரேய மூலத்தில் இரண்டு இடங்களிலும் வரும் சொல் ஒன்றே. விளிம்பு வேறு, நிறைத்துப் பரவும் தொங்கல் வேறு என மொழிபெயர்த்தோர் இடமறிந்து பிரித்துள்ளனர். அங்கி என்ற சொல் அவர்கள் கைவசம் இருந்தும் ஏசாயாவில் அதனை ஆளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தொங்கல் எளிய, யாவர்க்கும் விளங்கும் சொல். ஆயினும் அது மேலிருந்து கீழே வீழ்வதைக் குறிக்குமேயன்றித் தரையில் பின்னோக்கி நீள்வதைக் குறிக்காது. மாலைக்கும் அணிக்கும் அதுவே பெயர். தோகை என்னும் சொல் மயிலின் டிரெயினுக்கு நேரானது. அழகும் நீளமும் அதில் உண்டு. ஆனால் பெண்ணைக் குறிக்கும் இலக்கிய வழக்கும் அதற்கு இருப்பதால் ஃபீலிக்ஸ், எலெக்சிஸ் போன்ற ஆண் அரசர்களின் ஆடைக்கு அது இசையாது. ‘வால்’ பிரெஞ்சுச் சொல்லுக்கு நேராயினும் நகைப்புக்கு இடமாகும். நையாண்டிக் கூற்றுகளை மொழிபெயர்க்குங்கால் மட்டும் அதனைக் கையாளலாம்.

எஞ்சி நிற்பது ‘தானை’. இச்சொல்லுக்குப் படை, ஆடை ஆகிய இருபொருள்களும் உண்டு. ஆடைப்பொருள் முன்றானை என்னும் சொல்லில் இன்றும் வாழ்கிறது; பேச்சுவழக்கில் அது முந்தானை ஆயிற்று. முன் என்பதோடு தானை சேர்ந்து முன்றானை ஆனதுபோல, பின் என்பதோடு சேர்ந்து பின்றானை ஆகும். புணர்ச்சி விதியும் அதுவே, பொருளமைப்பும் அதுவே. இச்சொல்லுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஆங்கில டிரெயின் ஆடையின் பின்பகுதியையும் தலைவனைத் தொடரும் பரிவாரத்தையும் ஒருங்கே குறிப்பதுபோல, தமிழ்த் தானையும் துணியையும் அரசனைத் தொடரும் படையையும் ஒருங்கே குறிக்கிறது. இவை ஒரே வேரின எனத் துணிய வேண்டுவதில்லை. துணியும் தொடர்வோரும் ஒரு சொல்லின் நிழலில் நிற்பதே இங்குப் பயன்படுவது. அரசியின் பின்றானை என்னும்போது அதனை ஏந்துவோரும் உடன் தோன்றுவர்.

முன்றானை மகளிர் ஆடையோடு தொடர்புடையதாகலின் பின்றானையும் அவ்வாறு கொள்ளப்படுமோ எனின், தானை என்னும் பகுதிக்கு அத்தகைய வரையறை இல்லை. பண்டைச் சொல் பொதுமக்களுக்கு விளங்குமோ எனின், முந்தானையை அறியாத தமிழர் இலர். அதனை அறிந்தவர் பின்றானையை ஊகித்துணர்வர். சிறுவர் நூல்களிலும் செய்தியெழுத்திலும் ‘பின்தொங்கல்’ எனலாம்.

ஏனைய பெயர்களில் நுட்பச் சிக்கல் குறைவு. கைநுழைத்து அணியும் ரோபுக்கு அங்கி பொருந்தும். கையற்ற ஆடையை ரோப் எனப் பொதுவாகச் சுட்டுமிடத்துச் சடங்காடை எனலாம். மெடிசி காலரைத் தையற்கலை வழக்கையொட்டி நிமிர்காலர் எனலாம். எர்மைன் ஒலிபெயர்ப்பாகவே நின்று, முதல் வருகையில் விளக்கம் பெறுதல் நன்று. பேஜ் என்பதற்கு ஏந்துசிறார் என்பது பணியையும் பருவத்தையும் சுட்டும்.

வழக்கு வேறுபாட்டைக் காத்தல்

கலைச்சொல் ஆக்கத்தில் தரப்படுத்தல் என்னும் நோக்கம் மேலோங்கும்போது, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் விதி வற்புறுத்தப்படும். அறிவியல் துறைகளுக்கு அது தேவை. பண்பாட்டுத் துறைகளில் அதுவே ஊறு விளைக்கும். நியூ ஆர்லியன்ஸ் பற்றிய பனுவலில் மேன்டில் வருமிடத்தில் பட்டப்போர்வையும், மொபீல் பற்றிய பனுவலில் டிரெயின் வருமிடத்தில் பின்றானையும் வருதல் வேண்டும். இரண்டும் ஒரே ஆடைதானே என ஒன்றாக்கிவிட்டால், ஒரு நகரம் தோளைக் கண்டதும் மற்றொரு நகரம் தரையைக் கண்டதும் தமிழில் இல்லாமற் போகும்.

வினைச்சொல்லிலும் இக்கவனம் வேண்டும். தூக்குதல், சுமத்தல், பிடித்தல், ஏந்துதல், தாங்குதல் ஆகியன ஒரே செயலைக் குறிப்பினும் மதிப்பால் வேறானவை. 1804இன் பூசலைத் தமிழில் எழுதுவோர் இவ்வேறுபாட்டை ஆளாவிடில், இளவரசியர் எதற்காகச் சினந்தனர் என்பதே விளங்காது.

விளையாட்டுத்தன்மையைக் காட்டுவதற்காக உடைப்பெயர்களோடு ‘போலி’ என்னும் அடைமொழி சேர்ப்பதும் தவிர்க்கத்தக்கது. களியாட்டம் தன் அரசுச் சொற்களை முழு வீறோடு ஆள்கிறது; நகையும் ஏக்கமும் அவ்வீற்றிலிருந்தே பிறக்கின்றன. தெருக்கூத்தில் வேந்தன் வேடம் கட்டுபவரின் முடியை எவரும் போலிமுடி என்பதில்லை. வேடம் ‘கட்டுதல்’ என்னும் வினையே அனைத்தையும் உணர்த்திவிடுகிறது. அதே வினை சாலமன் ரெக்ஸாக வந்ததற்கும் பொருந்தும்: அவர் அரச வேடம் கட்டினார், ஆனால் போர்த்தது பட்டப்போர்வையே.

முடிவுரை

களியாட்ட அரசுடைப் பெயர்கள் அரண்மனைச் சொற்களை மேடைப் பொருளுக்கு ஏற்றியவை. மேன்டில், டிரெயின் ஆகியவை ஒரே ஆடையைத் தோளிலிருந்தும் தரையிலிருந்தும் நோக்கிய பெயர்கள். முன்னது அணிவோரின் பதவியையும் பின்னது ஏந்துவோரின் நிலையையும் முன்னிறுத்துகிறது. அங்கி என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் விழுங்கிவிடுவதால், களியாட்டத்தின் பெருமிதமும் நையாண்டியும் சமத்துவ வேட்கையும் தமிழிற் புலப்படாமற் போகின்றன. ஆடை உடலோடு பொருந்தும் வினையைக் கொண்டு பெயரமைக்கும் சங்கநெறியும், விவிலிய மொழிபெயர்ப்பாளரின் இடமறிந்த சொல்லாட்சியும் இக்குறையைத் தீர்க்க வழிகாட்டுகின்றன. பட்டப்போர்வை, பின்றானை என்பன அவ்வழியில் முன்வைக்கப்படும் சொற்கள். இவற்றினும் சிறந்தவை பின்னர் அமையலாம். அமையும் சொல் எதுவாயினும், ஆடையை அணிந்து முன்னே நடப்பவரைப் போலவே அதனை ஏந்திப் பின்னே வருபவரையும் காட்டுவதாக இருத்தல் வேண்டும்.